உவர்நீர்க் கிணறும் நுளம்பின் நூலகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன் மேற்கே கடலிற் கிடக்கும் தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி ஈறாகப் பெய்யும் வடகீழ்ப் பருவமழையே இந்நிலத்தின் நீர்முதல். பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, ஆங்குள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவாக மிதந்து நிற்கும். கடல்நீரினும் நன்னீர் பாரங் குறைந்ததாதலின் இம்மிதப்பு நிகழ்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது பரந்திருக்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. இக்கணக்கின் மறுபுறம் கொடியது. இறைப்பு மிகுந்தோ மழை பொய்த்தோ மேலே ஓரடி குறைந்து நிலைக்குமாயின், கீழேயுள்ள உவர் 40 அடி ஏறிவிடும்.

தீவகத்தார் இவ்வுண்மையை நூலிற் கற்றவரல்லர், வாளியிற் கண்டவர். நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாயினும், ஆங்குக் குடிக்கத் தகும் நீருள்ள கிணறுகள் சாராப்பிட்டி போன்ற சில இடங்களிலேயே உள. நயினாதீவு அதனினும் பன்மடங்கு சிறியது; நன்னீர் வில்லை தங்குதற்கு ஆங்கு இடமும் குறைவு. ஊர்காவற்றுறைப் பக்கத்திலும் உவர்த்துப்போன கிணறுகளுக்குக் குறைவில்லை. 1990களின் தொடக்கத்திற் போரினாற் குடிகள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது கேட்பாரற்றுப்போன வளவுகளும், அவ்வளவுகளுட் கிடந்த கிணறுகளும் பல. உவர்த்த கிணற்றை மனிதர் கைவிடுவது இயல்பு. அதனை நுளம்பும் கைவிடுமா என்பதே இங்கு ஆராயத் தக்க வினா.

நெடுங்காலமாக ‘கைவிடும்’ என்னும் விடையே ஏற்கப்பட்டிருந்தது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்தி என்னும் நுளம்பு மனையருகே தேங்கும் நன்னீரிலேயே முட்டையிட்டுப் பெருகும் என்று பாடநூல்கள் கூறின. ஆதலினாலேயே சுகாதாரப் பரிசோதகர்கள் பூச்சாடியையும் சிரட்டையையும் பழைய ரயரையும் நீர்த்தொட்டியையும் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தனர். 2011ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறையைச் சேர்ந்த சுரேந்திரனும், அவருடன் ஆராய்ந்த ரஞ்சன் இராமசாமி, யூட் முதலியோரும் வெளியிட்ட ஆய்வு அவ்விடையைப் புரட்டிவிட்டது. ஆயிரம் பங்கு நீரில் உப்பு அரைப் பங்குக்கும் குறைவாயின் அது நன்னீர். அரைப் பங்கு முதல் 30 பங்கு வரை உவர்நீர். கடல்நீரில் ஏறத்தாழ 35 பங்கு உண்டு. கரையோரத்திற் கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்கள், பயன்படாத கிணறுகள், எறியப்பட்ட கண்ணாடி, பிளாஸ்ரிக் கலங்கள் ஆகியவற்றிலே 2 முதல் 15 பங்கு வரை உப்புள்ள நீரில், ஈடிஸ் ஈஜிப்தியும் அதன் உறவான ஈடிஸ் அல்போபிக்ரஸும் குடம்பிகளாக வளர்ந்து சிறகுபெற்று வெளிவருதலை அவர்கள் கண்டனர். யாழ்ப்பாண நகரில் இத்தகைய நீர்நிலைகளின் அயலிலே டெங்கு மிகுந்திருந்தமையும் அவ்வாய்விற் குறிக்கப்பட்டது.

நுளம்பின் புறத்தோற்றத்தில் இம்மாற்றத்துக்குரிய காரணம் ஒன்றும் எளிதிற் புலப்படுவதில்லை. நன்னீர்க் கிணற்றில் எடுத்த ஈடிஸும் உவர்நீர்க் கிணற்றில் எடுத்த ஈடிஸும் கண்ணுக்கு ஒன்றே. எனவே உப்பைத் தாங்கும் ஆற்றல் எங்கே உறைகின்றது என்று அறிய விழைவோர், அவ்வுயிரின் ஒவ்வொரு கலத்துள்ளும் சுருண்டு கிடக்கும் டீ.என்.ஏ. என்னும் நெடுநூலையே படித்தல் வேண்டும். அதனைப் படித்தற்பொருட்டுக் கடந்த அரை நூற்றாண்டில் அமைந்த கருவிகளுள் ஒன்று குளோன் நூலகம் என்பது.

இங்கு நூலகம் எனப்படுவது உவமையேயாயினும் பொருத்தமான உவமை. டீ.என்.ஏ. நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டது. அடினீன், தைமீன், குவானீன், சைற்றோசீன் என்னும் நான்கு மூலங்களே அவ்வெழுத்துகள். அனோபிலிஸ் வகை நுளம்புகளின் முழுநூல் ஏறத்தாழ 25 கோடி எழுத்துகள் கொண்டது; ஈடிஸ் ஈஜிப்தியினது ஏறத்தாழ 130 கோடி. எழுத்தறியும் பொறிகளோ பல்லாண்டுகளாக ஒரே வீச்சில் 1,000 எழுத்துக்கு மேற் படிக்கமாட்டாதனவாய் இருந்தன. ஆகவே நூலை முதலிற் கிழித்து, கிழித்த துண்டுகளைப் படியெடுத்துப் பெருக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளமிட்டு அடுக்கிவைத்து, பின்னர்ப் படிக்க வேண்டியதாயிற்று.

வேண்டுமென்று கிழித்தல் ஏன் என்று வினவலாம். ஏடு தேடிய காலத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் போன்ற பதிப்பாசிரியர்களின் கைக்கு வந்த சுவடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்தில் முறிந்தும் செல்லரித்தும் இருந்தன. ஒரு சுவடியில் முறிந்த இடம் மற்றொன்றில் முழுதாயிருக்கும். இரண்டிலும் பொதுவாயுள்ள அடிகளைக் கண்டு பொருத்துவதனால் முழுப்பாடம் கிடைக்கும். எல்லாச் சுவடிகளும் ஒரே இடத்தில் முறிந்திருக்குமாயின் எத்துணைச் சுவடி கிடைத்தும் பயனில்லை. டீ.என்.ஏ. நூலகம் அமைப்போர் விழைவதும் இதுவே: பல பிரதிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறிடத்தில் முறிதல் வேண்டும், துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மேலொன்று படிதல் வேண்டும்.

செய்முறையின் முதற்படி நுளம்பு வளர்த்தல். தனி நுளம்பு ஒன்றின் நிறை சில மில்லிகிராமே. அதனிலிருந்து கிடைக்கும் டீ.என்.ஏ. பெரிய துண்டுகளாலாகிய நூலகத்துக்குப் போதாது. ஒரு பெண் நுளம்பின் வழித்தோன்றல்களைக் கூண்டிலே பல தலைமுறை தம்முட் கலக்கவிட்டு, அவற்றின் குடம்பிகளையோ கூட்டுப்புழுக்களையோ நூற்றுக்கணக்கில் எடுத்துக் கலக்கருக்களைப் பிரிப்பர். ஒரே குடிவழி வேண்டப்படுவது ஏனெனில், வேற்றுக் குடிவழிகள் கலந்தால் பாடபேதம் மிகும். பாடபேதம் மிகுந்தால் பொருத்துதல் தடுமாறும்.

டீ.என்.ஏ. இழை மிக நீண்டது, மிக மெல்லியதுமாம். குழாயில் இட்டுக் குலுக்கினாலே அது நைந்து துண்டாகும். எனவே பிரித்த கலக்கருக்களை அகரோஸ் என்னும் பாசிக்கூழில் இட்டு உறையவைத்து, அவ்வுறைந்த கட்டிக்குள்ளேயே கொழுப்பையும் புரதத்தையும் கரைத்து நீக்குவர். கூழின் நுண்துளைகள் வழியே சிறு மூலக்கூறுகள் வெளியேற, நெடிய டீ.என்.ஏ. இழை அசையாது உள்ளே தங்கும். தேவையான நொதியங்களும் அக்கூழுக்குள்ளேயே ஊறிச் சென்று தம் வேலையைச் செய்யும். இச்செய்கையின் அழகு இதுவே எனலாம்.

அடுத்தது வெட்டுதல். பற்றீரியாக்கள் தம்முட் புகும் வைரசுக்களை எதிர்த்தற்கு வைத்திருக்கும் கத்தரி நொதியங்களை மனிதர் கடன்வாங்கினர். ஒவ்வொரு கத்தரியும் ஒரு குறித்த எழுத்துக்கோவையைக் கண்டவிடத்து மட்டுமே வெட்டும். ஆறெழுத்துக் கோவை ஒன்று, நான்கெழுத்து நெடுங்கணக்கில், சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை வரும். அவ்விடந்தோறும் வெட்டவிட்டால் துண்டுகள் மிகச் சிறுத்துவிடும். எல்லாப் பிரதிகளும் ஒரே இடத்தில் முறிந்த சுவடிகளாகவும் ஆகிவிடும். ஆதலின் நொதியத்தின் அளவைக் குறைத்தோ நேரத்தைச் சுருக்கியோ, வெட்டத் தகும் இடங்களுள் மிகச் சிலவற்றை மட்டும் வெட்டுமாறு அரைகுறையாக நிறுத்துவர். எந்த இழையில் எவ்விடம் வெட்டப்படும் என்பது அப்போது தற்செயலாகின்றது. சரியான கணத்தை அறிதற்கு அட்டவணை உதவாது, ஒவ்வொரு டீ.என்.ஏ. தொகுதிக்கும் பலமுறை முயன்றே காணவேண்டும். அனுபவமுள்ள கைகளும் இவ்விடத்திலே பல வாரங்களை இழப்பதுண்டு.

இவ்வாறு வெட்டிய துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரிக்கவேண்டும். ஒரே திசையில் இழுக்கும் மின்புலத்தில் 50,000 எழுத்துக்கு மேற்பட்ட துண்டுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஊர்ந்து ஒன்றாய்க் குவியும். மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி விட்டால், நீண்ட துண்டு திரும்புதற்கு நேரம் செல்லும். குறுகிய துண்டு விரைவில் திரும்பும். நெடுவள்ளமும் சிறுதோணியும் ஒடுங்கிய வாய்க்காலில் திரும்பும் வகையை ஒப்பது இது. இவ்வழியால் 1,00,000 முதல் 2,00,000 எழுத்து வரை நீளமான துண்டுகள் தெரிந்தெடுக்கப்படும்.

தெரிந்தெடுத்த துண்டைத் தாங்கி நிற்கப் பீடம் ஒன்று வேண்டும். அதுவே ஊர்தி எனப்படுவது. பழைய ஊர்திகள் ஒரு பற்றீரியக் கலத்துக்குள் நூற்றுக்கணக்கிற் பெருகுவன. அவை சிறு துண்டுகளையே தாங்கும். பெருந்துண்டை ஏற்றினால் அது தன்னுள்ளே மடிந்தும் குலைந்தும் பொய்ப்பாடமாகிவிடும். 1992இல் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தார், ஒரு கலத்தில் ஒன்றிரண்டு பிரதியே இருக்கும் வளைய டீ.என்.ஏ. ஒன்றை ஊர்தியாக்கினர். பற்றீரியச் செயற்கை நிறமூர்த்தம் என்று பெயர்பெற்ற இவ்வூர்தி, இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துடைய துண்டையும் குலையாது தலைமுறை தலைமுறையாகக் கடத்தவல்லது. பெருக்கம் குறைந்தமையே அதன் நம்பகத்தன்மைக்குக் காரணமாயிற்று.

ஊர்தியோடு ஒட்டிய துண்டுகளை, எஷெரீக்கியா கோலை என்னும் குடற்பற்றீரியாவின் பலவீனப்படுத்திய குலமொன்றனுள் கண்ணிமைப்பொழுது மின்னதிர்ச்சியாற் புகுத்துவர். குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து கலந்த கூழில் அவற்றைப் பரப்பினால், ஊர்தி பெற்ற கலங்கள் மட்டும் பிழைக்கும், ஏனைய மடியும். பிழைத்த ஒவ்வொரு கலமும் ஓரிரவிற் பெருகி ஒரு வெண்பொட்டாகத் தோன்றும். அப்பொட்டில் உள்ள கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் யாவும் ஒரே கலத்தின் வழித்தோன்றல்கள். யாவும் நுளம்பு நூலின் ஒரே துண்டைச் சுமப்பவை. இவ்வழித்தோன்றற் கூட்டமே குளோன் எனப்படும். பொட்டுகளைத் தனித்தனியே எடுத்து 384 குழிகள் கொண்ட தட்டுகளில் இட்டு, பூச்சியத்துக்குக் கீழே 80 பாகைக் குளிரில் வைத்தால் நூலகம் அமைந்துவிட்டது. தட்டின் எண்ணும் குழியின் எண்ணும் நூலின் முகவரி. வேண்டியபோது ஒரு குழியைச் சுரண்டி வளர்த்தால் அத்துண்டு மீண்டும் வேண்டுமளவு கிடைக்கும்.

எத்தனை குளோன் இருந்தால் நூலகம் நிறைவுறும்? 1976இல் கிளார்க், கார்பன் என்னும் இருவர் இதற்கு வாய்பாடு தந்தனர். 24 கோடி எழுத்துடைய அனோபிலிஸ் நூலை 1,20,000 எழுத்துத் துண்டுகளாக்கினால், கிழியாத ஒற்றைப் பிரதிக்கு 2,000 துண்டு போதும் என்று தோன்றும். துண்டுகள் தற்செயலாக எடுக்கப்படுவனவாதலின் சில பகுதி பலமுறை வரும். சில பகுதி வாராது. நூலின் எப்பகுதியும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உறுதியாகக் கிடைக்கவேண்டுமாயின் ஏறத்தாழ 9,200 குளோன் தேவை. ஈடிஸ் நூலுக்கு, துண்டு 1,30,000 எழுத்தாயின், 46,000க்கு மேல் தேவைப்படும். 2004இல் அமெரிக்காவின் நொட்ரடாம் பல்கலைக்கழகத்தார் ஈடிஸ் ஈஜிப்திக்கு இத்தகைய நூலகம் அமைத்தமையை வெளியிட்டபோது, அது சிறு முயற்சி அன்று என்பது இக்கணக்கினாலேயே விளங்கும்.

அமைத்த நூலகத்தின் பயன் இருவகை. துண்டுகளின் இரு ஓரங்களை மட்டும் படித்து, அவ்வோரங்களை வைத்து முழுநூலையும் வரிசைப்படுத்தலாம். அன்றியும், ஒரு துண்டுக்கு ஒளிரும் சாயமேற்றி நுளம்பின் நிறமூர்த்தத்தின்மேல் இட்டால், அது தன் ஒத்த பகுதியில் ஒட்டி அத்துண்டின் இருப்பிடத்தைக் காட்டும். நுளம்புக்கு நிறமூர்த்தம் மூன்று சோடியே. அனோபிலிசின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் சூலகத்திலும் அவை பன்மடங்கு பருத்து, பட்டை பட்டையாய்த் தெரிவன. ஈடிசில் அவ்வாறு தெளிவாக விரிப்பது அரிது.

இனி, இம்முயற்சிகளின் விளைவைப் பார்க்கலாம். 2002ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஆபிரிக்க மலேரியா நுளம்பான அனோபிலிஸ் காம்பியேயின் 27 கோடியே 80 இலட்சம் எழுத்தளவான நூல் வெளியாயிற்று. 2007இல் ஈடிஸ் ஈஜிப்தியினது வெளியாயிற்று. அதன் ஏறத்தாழ அரைப்பங்கு தன்னைத்தானே படியெடுத்து இடம்மாறும் துள்ளு துண்டுகளால் நிரம்பியிருந்தது. ஒரே வாக்கியம் ஆயிரம் ஏட்டில் வரும் நூலைப் பொருத்துதல் எத்துணைக் கடினம் என்பதைச் சுவடி பார்த்தவர் அறிவர். ஆதலின் அப்பிரதி 2018 வரை சிதறலாகவே கிடந்தது. 2010இல் யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸின் நூல் வந்தது.

இவற்றுள் முதலாவதான காம்பியேயின் வரலாற்றிலே தீவகத்து நுளம்புகளை ஆராய்வார்க்கு உரிய பாடம் ஒன்று உண்டு. அந்நூலகத்துக்கு எடுக்கப்பட்ட குலம், இளஞ்சிவப்புக் கண்ணால் அடையாளங் காணப்பட்ட ஆய்வுக்கூடக் குலம். அதன் நூலைப் பொருத்திப் பார்த்தபோது பல இடங்களில் இருவகைப் பாடங்கள் ஒன்றோடொன்று மோதின. காரணம், அக்குலம் புறத்தே வேறுபாடு தெரியாத இரு வடிவங்களின் கலப்பாயிருந்தமையே. இரண்டையும் வேறாகப் பிரித்துப் படித்த பிரதிகள் 2010இல் வந்தன. 2013இல் அவற்றுள் ஒன்றுக்கு அனோபிலிஸ் கொலூசியை என்னும் தனிப்பெயரும் இடப்பட்டது. உள்ளே இட்ட நுளம்பு எதுவென்று துணியாது கட்டிய நூலகம் தன் அட்டையிலேயே பிழைபட எழுதப்பட்ட நூலாகும். ஆயினும் நுளம்பு எதுவென்று துணிதற்கும் டீ.என்.ஏ. படிப்பே வேண்டும். இவ்வட்டத்திலிருந்து வெளியேற ஒரே வழி, முதலிற் சிறு பகுதிகளைப் படித்து இனத்தைத் துணிந்து, அதன்பின் பெருநூலகத்துக்குச் செல்வது.

இலங்கையில் இவ்வழியின் அருமை வெளிப்பட்ட நிகழ்ச்சி அனோபிலிஸ் சப்பிக்ரசினுடையது. தென்னிலங்கையில் மலேரியாவைப் பரப்பிய தலைமை நுளம்பு, ஆற்றுக் குட்டைகளில் வளரும் அனோபிலிஸ் குலிசிபாசீஸ். 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஆறுகள் வற்றிக் குட்டைகளானபோது அந்நுளம்பு பரப்பிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கடற்கரைகளில் ஐயத்துக்கிடமானது சப்பிக்ரஸ். இப்பெயருக்குள் நான்கு உள்ளினங்கள் மறைந்திருப்பதைப் புதுச்சேரியின் நோய்காவி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோர் 1994இல் எடுத்துக்காட்டினர். முட்டையின் மிதவையிலுள்ள வரம்புகளை எண்ணியும், நிறமூர்த்தத்தின் பட்டைகளைப் பார்த்தும் அவர்கள் பிரித்தனர். நான்கனுள் ‘இரண்டாம் இனம்’ எனத்தக்கதே உவர்நீரில் வளர்வது.

இலங்கைக் கரையோரத்திலும் அவ்வடையாளங்களோடு நுளம்புகள் கிடைத்தன. அவை சப்பிக்ரஸ் என்றே பதியப்பட்டன. 2010இல் சுரேந்திரன், யூட், இராமசாமி ஆகியோர் டில்லித் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சிங் என்பாருடன் இணைந்து அந்நுளம்புகளின் சில டீ.என்.ஏ. பகுதிகளைப் படித்தனர். படித்த எழுத்துகள் சப்பிக்ரசோடு பொருந்தவில்லை. தென்கிழக்காசியக் கரைகளிலே வலிய மலேரியாக் காவியாகப் பெயர்பெற்ற சண்டைக்கஸ் என்னும் கூட்டத்தோடு பொருந்தின. வரம்பெண்ணி இட்ட பெயர் ஒன்று. எழுத்துப் படித்துக் கண்ட பெயர் வேறொன்று. சிறிய ஐயத்துக்குரியதென்று எண்ணி விடப்பட்ட நுளம்பு, பேரையத்துக்குரியதாக மாறியமை சுகாதாரத் துறையினர்க்கு ஏட்டுச் செய்தி அன்று.

இப்பெயர் வினாக்கள் இன்று அவசரமாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேரே. வென்றுவிட்டோம் என்று கையைத் தளர்த்தியபின், அப்பத்தாண்டின் இறுதியிலே நோய் இலட்சக்கணக்கிற் பெருகிற்று. மீண்டும் பெருமுயற்சி செய்து, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றியவர் எவருமில்லை என்னும் நிலை எய்தி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை இலங்கை பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி பிடிபட்டது. இந்திய நகரங்களின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்புவது அது. இலங்கையில் அதற்குமுன் காணப்பட்டிராதது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. ஆறில்லாத ஊரில் மலேரியா நுளம்புக்கு இடமில்லை என்னும் பழைய ஆறுதல், கிணற்றில் வாழும் நுளம்பிடம் செல்லாது. கிணறே நீர்நிலையாயுள்ள தீவகத்துக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உப்பின் கதைக்கு மீண்டால், அங்கும் நூலகம் பயன்பட்டது. ஆயின் வேறுவகை நூலகம். முழுநூலும் வேண்டாது, ஒரு குறித்த பொழுதிற் கலங்கள் எப்பக்கங்களைத் திறந்து வாசிக்கின்றன என்று அறிய வேண்டுமாயின், கலம் எடுத்த ஆர்.என்.ஏ. என்னும் குறிப்புகளைப் பிடித்து, அவற்றை மீண்டும் டீ.என்.ஏ.யாகப் பெயர்த்து நூலகம் அமைப்பர். யாழ்ப்பாணத்து உவர்நீர் ஈடிஸையும் நன்னீர் ஈடிஸையும் இவ்வாறு ஒப்புநோக்கிய ஆய்வு 2021இல் வெளிவந்தது. குடம்பியின் குடல், வாலருகே உப்பை உள்ளிழுக்கும் குதக்காம்பிகள், எஞ்சிய உடல் என மூன்றாகப் பிரித்துப் படித்தபோது, புறத்தோலின் புரதங்களுக்கும், சட்டை கழற்றும் ஓமோனுக்கும், உப்பைக் கடத்தும் வாயில்களுக்கும், நஞ்சை முறிக்கும் நொதியங்களுக்கும் உரிய பரம்பரையலகுகள் இரு வகையிலும் வெவ்வேறளவில் இயங்குதல் தெரிந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது குடம்பியினதும் முதிர் நுளம்பினதும் புறத்தோலின் அமைப்பே மாறியிருந்தது. உப்பைத் தாங்கும் தன்மை வழிவழி வருவது என்பதும் முன்னரே காணப்பட்டிருந்தது. புறத்தோலைக் கடந்தே பல நுளம்புகொல்லி மருந்துகள் உட்செல்ல வேண்டும். எனவே தோல் மாறிய நுளம்புக்குப் பழைய மருந்தளவு போதுமா என்பது ஆய்வுகூடத்தோடு நிற்கும் வினா அன்று. கிணற்றுக்கு மருந்திடச் செல்பவரின் வினாவுமாம்.

இவ்வாய்வில் பற்றீரியாவும் இல்லை, குளிர்த்தட்டும் இல்லை. துண்டுகளின் ஓரத்தில் சிறு அடையாள எழுத்துகளை ஒட்டிப் பொறியிற் செலுத்தினால் கோடிக்கணக்கான துண்டுகள் ஒருங்கே படிக்கப்படுகின்றன. நூலகம் என்னும் சொல் மட்டும் பழைய கூடத்திலிருந்து வந்து நிலைத்துவிட்டது. இன்றைய பொறிகள் சிலவோ பல்லாயிரம் எழுத்துகளைக் கிழியாது ஒரே வீச்சிற் படிப்பன. துள்ளு துண்டுகளாற் சிதறிக் கிடந்த ஈடிஸ் நூல் 2018இல் மூன்று நிறமூர்த்தமாக ஒழுங்குபட்டது இத்தகைய வாசிப்பினாலேயாம். பற்றீரிய நூலகத்தை வழக்கொழிந்ததென்று தள்ளுவோரும் உளர். அது முற்றும் சரியன்று. பொறி தருவது எழுத்தை மட்டுமே. குளோன் தருவது பொருளை. ஒரு பரம்பரையலகைச் சூழலோடு முழுதாக எடுத்து வேறொரு நுளம்பிற் புகுத்தி, அதுவே உப்பைத் தாங்கச் செய்கின்றதா என்று சோதிப்பதற்கு அந்தப் பொருளே வேண்டப்படுகின்றது.

ஸ்டெபென்சியின் நூலும் இதற்குள் நன்கு படிக்கப்பட்டுவிட்டது. இந்தியக் குலமொன்றின் முதற்பிரதி 2014இல் வந்தது. 2022இல் பெங்களூரு உயிர்த்தகவலியல் நிறுவனத்தார் சென்னையிற் பிடித்த நுளம்பின் வழிவந்த குலத்தை நிறமூர்த்த அளவிற் படித்து வெளியிட்டனர். வடக்கில் வந்திறங்கிய நுளம்புக்கு மிக அயலிலுள்ள ஒப்புநோக்குப் பிரதி அதுவே. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எடுத்த ஸ்டெபென்சிகளில் மூச்சோடு தொடர்புடைய சைற்றோகுரோம் ஒட்சிடேசு என்னும் பரம்பரையலகை 2019இல் ஆராய்ந்தபோது, வலீன் இருக்கவேண்டிய ஓரிடத்தில் மெதியோனீன் நிற்கும் பாடபேதம் ஒன்று கிடைத்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதுவரை பதியப்பட்ட நுளம்புகளில் அப்பேதம் இல்லை. அது இங்கு வந்தபின் தோன்றியதா, பாக்குநீரிணைக்கு அப்பால் இன்னும் பிடிபடாத ஒரு குடிவழியோடு வள்ளமேறி வந்ததா, வேறு துறைமுகத்தின் வழியே வந்ததா என்று துணிவதற்கு ஒரு பரம்பரையலகு போதாது. இரு கரை நுளம்புகளின் மூன்று சோடி நிறமூர்த்தங்களையும் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குதல் வேண்டும்.